டிக் மட்டும் நிற்கவில்லை

கேள்வி: ஐயா, ஆண்டுத் தொடக்கத்தில் எங்கள் சபையில் எல்லாரையும் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகக் குழு பிரித்தார்கள். ஒரே வருடத்தில் வேதாகமம் முழுவதும் வாசிப்பது, காலை 5 மணிக்குப் போனில் கூட்டு ஜெபம், வெள்ளிக்கிழமை உபவாசம் என்று திட்டம். வாசித்து முடித்ததும் வாட்ஸ்அப் குழுவில் டிக் போடவேண்டும். பிப்ரவரி முதல் வாரத்தில், லேவியராகமம் 13ஆம் அதிகாரத்தில் என் வாசிப்பு நின்றுபோனது. டிக் மட்டும் நிற்கவில்லை. ஐந்து மாதமாக வாசிக்காமலே போட்டுக்கொண்டிருக்கிறேன். போன வாரம் குழுத்தலைவி அக்கா, "ஒரு நாள்கூடத் தவறாதவள்" என்று என்னைச் சாட்சி சொல்ல அழைத்தார். எழுந்து சொல்லிவிட்டேன். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அன்று ராத்திரி தூக்கமே இல்லை. வீட்டில் தனியாக ஜெபிக்கும்போது உண்மையாக இருக்கிறேன், குழுவில் நடிக்கிறேன். குழுவிலிருந்து விலகி, எல்லாவற்றையும் தனியாகவே செய்துகொள்ளலாமா? இன்னொன்று: எனக்குச் சர்க்கரை வியாதிக்கு மாத்திரை உண்டு. இரண்டு வெள்ளிக்கிழமை உபவாசத்தின்போது கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டிவிட்டது. சொன்னால் விசுவாசம் இல்லை என்பார்களோ என்று யாரிடமும் சொல்லவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் எழுதியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது அடுத்த வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காது. மருத்துவரைப் பார்க்கும்வரை உபவாசம் வேண்டாம். இன்சுலினும் சில வகைச் சர்க்கரை மாத்திரைகளும் நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்ப்பதில்லை. இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே போகும். டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் நீங்கள் எழுதியிருக்கிற அதே நடுக்கமும் வியர்வையும் கண் இருட்டலும் வரும். அதையும் தாண்டினால் வலிப்பு, நினைவிழப்பு. திரும்ப அப்படி வந்தால் ஜெபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் உடனே குளுக்கோஸோ சர்க்கரையோ வாயில் போடுங்கள். உபவாசத்துக்காக மாத்திரையை நீங்களாக நிறுத்துவதும் கூடாது. நான் போதகர், மருத்துவர் அல்ல. உங்கள் மாத்திரை எந்த வகை, அதோடு பட்டினி இருக்கலாமா என்பதை அதை எழுதித் தந்தவரிடமே கேளுங்கள்.

விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், இரண்டாம் நூற்றாண்டுச் சபையில் பரவலாக வாசிக்கப்பட்ட 'ஹெர்மாவின் மேய்ப்பன்' என்ற நூலில் உபவாசத்தைப் பற்றி இருப்பதைச் சொல்லுங்கள். அன்று நீ சாப்பிட இருந்த உணவுக்கு என்ன செலவாகும் என்று கணக்குப் பார், அந்தத் தொகையை ஒரு விதவைக்கோ அநாதைக்கோ கொடு என்கிறது அது. ஏசாயா 58 சொல்வதும் ஏறக்குறைய இதுதான். உங்கள் குழு பட்டினி இருக்கும் நாளில் நீங்கள் சாப்பிட்டுவிட்டு, ஒரு வேளைச் சாப்பாட்டின் பணத்தைத் தேவையுள்ளவருக்குக் கொடுத்தால் நீங்கள் அந்த உபவாசத்துக்கு வெளியே இல்லை. மொபைலை அணைத்துவைப்பதையும் இப்போது உபவாசம் என்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் உபவாசம் என்ற சொல்லை வயிற்றுக்கே விட்டுவைப்பது எனக்குப் பிடிக்கும்.

இனி டிக்.

பல வருடங்களுக்கு முன்பு, நான் ஊழியம் செய்த சபையில், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களுக்கு ஒரு பெரிய அட்டவணை எழுதிப் பின்சுவரில் ஒட்டினேன். நாற்பது கட்டம், முப்பத்தொரு பெயர். வாசித்தவர்கள் ஞாயிறன்று வந்து தங்கள் வரிசையில் டிக் போடவேண்டும். ஈஸ்டர் முடிந்து அதைக் கழற்றும்போது கூர்ந்து பார்த்தேன். பல வரிசைகளில் கடைசிப் பத்துப் பன்னிரண்டு டிக்குகள் ஒரே மை, ஒரே சாய்வு; ஒரே மூச்சில் போட்டவை. அதைக் கண்டுபிடிக்க எனக்குத் தனித்திறமை ஒன்றும் தேவைப்படவில்லை. மேலே முதல் வரிசை என்னுடையது. அதுவும் அப்படித்தான் நிரம்பியிருந்தது. அட்டவணையைச் சுருட்டி அலமாரியின் மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். நான்கு வருடம் கழித்து மூப்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர், "அன்றைக்கே பார்த்தேன் பாஸ்டர். நீங்களே சொல்வீர்கள் என்று இருந்தேன்" என்றார். அந்த நான்கு வருடமும் வேத வாசிப்பைப் பற்றி நான் உற்சாகமாகப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன், அவர் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆகவே உங்களுக்கு உபதேசம் செய்யும் உயரத்தில் நான் இல்லை. அதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

திட்டம் தவறு என்று சொல்லமாட்டேன். வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். 365 நாளில் முடிக்க ஒரு நாளைக்கு மூன்றேகால் அதிகாரம். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 என்று வரிசையாகப் போகிறவர்கள் பிப்ரவரி பிறக்கும்போது சரியாக நீங்கள் நின்ற இடத்துக்குத்தான் வந்து சேருவார்கள். உங்கள் குழுவிலும் அங்கே நின்றவர் நீங்கள் ஒருவர்தான் என்று நான் நம்பவில்லை. பாடம் கடினமாகும் இடத்தில் வேகத்தைக் குறைக்க இந்தத் திட்டத்தில் வழியே இல்லை. 1935இல் ஜெர்மனியின் ஃபிங்கன்வால்டேயில் போதகர் போன்ஹோஃபர் நடத்திய போதகர் பயிற்சி இல்லத்தில், ஒரே சிறு வேதபகுதியை ஒரு வாரம் முழுக்க, தினம் அரை மணி நேரம் மௌனமாகத் தியானிக்க வைத்தார். ஹிட்லரின் இரகசியப் போலீஸ் 1937இல் அந்த இடத்தை மூடியது. இன்றைய திட்டக்காரர்களின் கணக்கில் அந்த மாணவர்கள் வாரத்துக்கு ஒரு டிக்கூடத் தேறமாட்டார்கள்.

டிக் சொல்வது 'முடித்தேன்' என்ற ஒன்றை மட்டும். 'முடியவில்லை', 'புரியவில்லை', 'சலிப்பாக இருந்தது' என்பதற்கு அதில் குறி கிடையாது. பன்னிரண்டு பேர் தினமும் ஒருவருக்கொருவர் 'முடித்தேன், முடித்தேன்' என்று மட்டும் சொல்லிக்கொள்ளும் இடத்தில், நின்றுபோனவள் என்ன செய்வாள்? ஒன்று விலகுவாள், இல்லை நடிப்பாள். நீங்கள் ஐந்து மாதம் இரண்டாவதைச் செய்தீர்கள். இப்போது முதலாவதைச் செய்யலாமா என்று கேட்கிறீர்கள்.

தனிமையை நான் குறைத்துப் பேசமாட்டேன். இயேசு வனாந்தரத்தில் தனித்துப்போய் ஜெபித்தார் என்று லூக்கா 5 சொல்கிறது. கதவைப் பூட்டிக்கொண்டு அந்தரங்கத்தில் ஜெபிக்கச் சொன்னவரும் அவர்தான். ஆனால் மத்தேயு 6இல் உபவாசத்தைப் பற்றிய இரண்டு வசனங்களை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். 16ஆம் வசனம் "நீங்கள் உபவாசிக்கும்போது" என்று தொடங்குகிறது. 17ஆம் வசனம் "நீயோ உபவாசிக்கும்போது" என்று திரும்புகிறது. பலர் சேர்ந்து செய்யும் காரியத்துக்குள்ளேயே ஒவ்வொருத்தியும் தன் முகத்தைத் தனியாகக் கழுவிக்கொள்கிறாள். அதே அதிகாரத்தில், அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டச் சொன்ன கையோடு அவர் கற்றுத்தரும் ஜெபம் எப்படித் தொடங்குகிறது? "எங்கள் பிதாவே."

தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் 'நம்', அவரை விட்டுவிட்டால் 'எங்கள்'. இங்கே கேட்கிறவர் கடவுள். அப்படியானால் அந்த 'எங்கள்' என்ற சொல்லுக்குள் இருக்கிற மற்றவர்கள் யார்? பூட்டிய அறையில் நீங்கள் ஒருவர்தான் மண்டியிட்டிருக்கிறீர்கள். ஆனாலும் 'எனக்கு வேண்டிய ஆகாரம்' என்று கேட்க அந்த ஜெபம் இடம் தருவதில்லை. "எங்களுக்கு", "எங்கள்", "எங்களை" என்றே கடைசிவரை போகிறது. அந்தக் குழுத்தலைவி அக்காவும் அதற்குள் இருக்கிறார். காலை 5 மணிக்கு மைக்கை அணைக்க மறந்து குறட்டை விடுகிறவரும் இருக்கிறார்.

நான்காம் நூற்றாண்டில் பாலைவனத் தனிமைக்குப் பெரிய மதிப்பு இருந்தது. எகிப்தியத் துறவி அந்தோனியார் ஏறக்குறைய இருபது வருடம் பாழடைந்த கோட்டை ஒன்றில் தனியாக இருந்தார். அவரைப் பார்த்து ஆயிரக்கணக்கானோர் கிளம்பினார்கள். அந்தக் காலத்தில் வாழ்ந்த பசிலியார் என்ற திருச்சபைத் தந்தை துறவிகளுக்கு எழுதியபோது ஒரு கேள்வியை வைத்தார்: தனியாக வாழ்ந்தால் யாருடைய காலைக் கழுவுவாய்? எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பதில் இந்த விஷயத்தில் யாரும் சொல்லவில்லை. வாசிப்பு, தியானம், மௌனம் இவற்றைத் தனியாகச் செய்யலாம். மன்னிப்பு கேட்பதைத் தனியாகச் செய்ய முடியாது. திருவிருந்தைத் தனியாக எடுக்க முடியாது. ஒருவருக்கு விட்டுக்கொடுக்க, விட்டுக்கொடுக்கப்பட அவர் வேண்டும். வீட்டில் தனியாக இருக்கும்போது உண்மையாக இருக்கிறேன் என்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் பொய் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் உண்மையாக இருப்பது அவ்வளவு கடினமான பயிற்சி இல்லை, சகோதரி. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது "தேவபக்திக்கேதுவாக முயற்சிபண்ணு" என்கிறார். மூலத்தில் அது உடற்பயிற்சிக் களத்துச் சொல். வலிக்கும் தசை எது என்று உங்களுக்கே தெரியும்.

அப்படியானால் எல்லாவற்றையும் எல்லாருக்கும் சொல்லவேண்டுமா? வேண்டாம். இங்கேதான் இப்போதைய சபைக் குழுக்கள் பல சறுக்குகின்றன என்று நினைக்கிறேன். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் எழுதிய மடத்து விதிகளில் 49ஆம் அதிகாரம் லெந்து காலத்தைப் பற்றியது. வழக்கத்துக்கு மேல் எதையாவது ஒறுக்க விரும்பும் துறவி, அதை மடாதிபதியிடம் சொல்லி அவருடைய ஜெபத்தோடும் சம்மதத்தோடும் செய்யவேண்டும். சொல்லாமல் செய்தது வீண்பெருமை என்று எண்ணப்படும் என்கிறது. சாப்பாட்டு மண்டபத்தில் எழுந்து நின்று அறிவிக்கச் சொல்லவில்லை. தன் மனதுக்குள்ளேயே பூட்டிவைக்கவும் விடவில்லை. ஒருவருக்குத் தெரியவேண்டும்.

மெதடிஸ்து இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் ஆட்களுக்கும் இந்த அளவு தெரிந்திருந்தது. 1742இல் பிரிஸ்டலில் கூட்ட அறை கட்டிய கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி தர முடிவு செய்தார்கள். வசூலிப்பதற்காகத்தான் பன்னிரண்டு பேர் வீதம் வகுப்பு பிரித்தார்கள். பணம் வாங்க வாரந்தோறும் வீடு வீடாகப் போனவர்களுக்கு அங்கே யார் எப்படி வாழ்கிறார்கள் என்பது கண்ணில் பட்டது. பிறகு அதுவே விசாரிப்புக் குழுவாக மாறியது. கடன் வசூலில் பிறந்த ஆவிக்குரிய பயிற்சி! ஆனால் பாவ அறிக்கைக்கு அவர்கள் வைத்திருந்தது வேறு, அதைவிடச் சிறிய குழு. அதன் விதிகளை 1738 டிசம்பரிலேயே எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு முறை கூடும்போதும், 'போன கூட்டத்துக்குப் பின் தெரிந்தே செய்த பாவம் என்ன' என்று கேட்பார்கள். கடுமையான கேள்விதான். ஆனால் ஒருவரை உள்ளே சேர்க்கும் முன்பே, 'உன் குறைகளை உனக்குச் சொல்லவேண்டும் என்று நீ விரும்புகிறாயா' என்று கேட்டு, அவருடைய சம்மதத்தைப் பெற்றுக்கொண்டார்கள். பெரிய குழு நலம் விசாரிக்க. சிறிய குழு மனம் திறக்க. உங்கள் குழுவில் பன்னிரண்டு பேருக்கு நடுவே, யாருடைய சம்மதமும் கேட்காமல், தினம் ஒரு கணக்கு ஒப்புவிப்பு நடக்கிறது. அது விசாரிப்பும் இல்லை, அறிக்கையும் இல்லை.

சரி, என்ன செய்வது? குழுத்தலைவி அக்காவை இந்த வாரமே நேரில் பாருங்கள். வாட்ஸ்அப்பில் எழுதவேண்டாம், எழுதினால் பத்து முறை அழித்து எழுதுவீர்கள், கடைசியில் ஒரு கும்பிடு படத்தை அனுப்பிவிட்டு விட்டுவிடுவீர்கள். போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, இதைச் சொல்லுங்கள்: "அக்கா, பிப்ரவரியிலிருந்து நான் வாசிக்காமலே டிக் போட்டேன். போன வாரம் சொன்ன சாட்சி உண்மை இல்லை. என்னை மன்னித்துவிடுங்கள்." மூன்று வாக்கியம். நாலாவதாக, 'டிக் முறையே சரியில்லை, அதனால்தான்' என்று ஒன்று நாக்கு நுனிக்கு வரும். அது உண்மையாகவே இருக்கலாம், மேலே நானே அதைத்தான் எழுதியிருக்கிறேன். ஆனாலும் அன்று வேண்டாம். அதை இன்னொரு நாள், வேறு பேச்சாகப் பேசுங்கள். அறிக்கையோடு குற்றச்சாட்டைச் சேர்த்துக் கட்டினால் கேட்கிறவர் காதில் குற்றச்சாட்டுதான் விழும்.

சாட்சியைச் சொன்னது குழுவுக்கு முன்னால். ஆகவே திருத்தமும் குழுவுக்குப் போகவேண்டும். எப்போது, எப்படி என்பதை அக்காவோடு பேசி முடிவு செய்யுங்கள். அங்கேயும் அதே மூன்று வாக்கியம் போதும். காரணங்கள், குடும்ப நிலவரம், கண்ணீர் எதுவும் கட்டாயம் இல்லை. உடல்நிலையைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். யாக்கோபு 5:16 "ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்" என்கிறது. அந்த 'ஒருவருக்கொருவர்' இரண்டு பக்கமும் போகிற சொல். நீங்கள் சொன்ன பிறகு குழுவில் இன்னொருவர், "நானும் எண்ணாகமத்தில் நின்றவள்" என்று வாயைத் திறந்தால் ஆச்சரியப்படாதீர்கள். திறக்காவிட்டாலும் வருத்தப்படாதீர்கள், அதை எதிர்பார்த்துச் சொன்னால் அதுவும் இன்னொரு சாட்சிக் கூட்டமாகிவிடும்.

அக்கா எப்படி எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியாது. முகம் சுருங்கலாம். அவர் உங்களைப் பெருமையாக எழுப்பி நிறுத்தியவர். அவருக்கும் வலிக்கும், அந்த வலிக்கு இரண்டு வாரம் கொடுங்கள். ஆனால் நீங்கள் அந்தரங்கமாகச் சொன்னது, 'ஒரு சகோதரிக்காக ஜெபிப்போம்' என்று ஜெபக்குறிப்பு வேடம் போட்டுக்கொண்டு வேறு குழுக்களுக்குப் போனால், போதகரிடம் நேரே போங்கள். சபைகளில் வம்பு மிக அதிகமாகப் பயணிப்பது ஜெபக்குறிப்பு என்ற வண்டியில்தான். தவறியவர்களின் பெயரைப் பொதுவில் வாசிப்பது, மருந்தை நிறுத்தச் சொல்வது, சொன்ன இரகசியத்தை வைத்துப் பிறகு மடக்குவது, இவை நடக்கிற குழுவிலிருந்து விலகுவது பின்வாங்குதல் ஆகாது. சபை கூடிவருதலை விட்டுவிடக்கூடாது என்கிற எபிரெயர் 10:25ஐக் கோலாக எடுத்து உங்களை அடிக்க வருவார்கள். அதற்கு முந்தைய வசனத்தில் அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் ஒருவரையொருவர் ஏவுவது பற்றி இருக்கிறது, அதையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படிப்பட்ட எதுவும் தெரியவில்லை. தெரிகிறதெல்லாம், ஒரு குழு தன் ஆட்களைத் தவறான அளவுகோலால் அளந்துகொண்டிருக்கிறது என்பதுதான்.

அந்த 'இன்னொரு நாள்' பேச்சு வரும்போது அக்காவிடம் ஒன்று கேட்டுப்பாருங்கள். தினசரி டிக்குக்குப் பதிலாக வாரம் ஒருமுறை கூடும்போது, 'இந்த வாரம் எந்த இடத்தில் நின்றுபோனீர்கள்?' என்று ஒவ்வொருவரும் சொல்லலாமா? எந்த வசனம் என்றும் இருக்கலாம், எந்த நாள் என்றும் இருக்கலாம். ஒரு அதிகாரத்தைக் கூட்டத்திலேயே ஒருவர் வாய்விட்டு வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம். அச்சு வருவதற்கு முன் பெரும்பாலான விசுவாசிகள் வேதத்தை அறிந்தது காதால்தான். காலை 5 மணி ஜெபத்தைப் பற்றி எனக்குப் பெரிய கருத்து இல்லை. முடிகிறவர்கள் வரட்டும், கைக்குழந்தை உள்ளவர்களும் இரவு வேலைக்காரர்களும் தூங்கட்டும்.

வாசிப்பைத் திரும்ப எங்கே தொடங்குவது என்று கேட்பீர்கள். தவறவிட்ட ஐந்து மாதத்தை ஓடிப்பிடிக்க வேண்டாம். அந்தக் கடன் யாருக்கும் இல்லை. நின்ற இடத்திலேயே தொடங்குங்கள், லேவியராகமம் 13. தோல்நோயைப் பற்றிய அதிகாரம். ஐம்பத்தொன்பது வசனம், தடிப்பு, வெண்மை, ரோமம் நிறம் மாறுவது என்று நீண்டுகொண்டே போகும், சலிப்பாகத்தான் இருக்கும். வேகமாக வாசிக்காமல், அந்த ஆசாரியன் என்ன செய்கிறான் என்பதை மட்டும் பென்சிலால் கோடிட்டு வாருங்கள். அவன் குணமாக்குவதில்லை. பார்க்கிறான். தெளிவாகத் தெரியாவிட்டால் ஏழு நாள் பொறுத்துத் திரும்பப் பார்க்கிறான், இன்னும் ஏழு நாள் பொறுத்து மறுபடியும் பார்க்கிறான். தோலில் என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொள்ள அங்கே யாருக்கும் அனுமதி இல்லை. இன்னொருவரிடம் காட்டியாக வேண்டும். அதிகாரத்தின் பிற்பகுதியில் ஒருவன் பாளயத்துக்குப் புறம்பே தனியாகக் குடியிருக்கிறான். அதோடு புத்தகத்தை மூடிவிடாதீர்கள். 14ஆம் அதிகாரம் மூன்றாம் வசனம் வரை போய், அந்தத் தூரத்தை யார் நடந்து யாரிடம் போகிறார் என்று பார்த்துவிட்டு, பிறகு அக்கா வீட்டுக்குக் கிளம்புங்கள்.